பாக்கி வைக்கும் மரியாதை

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ராதாகிருஷ்ணன் என்கிற ராதாவுக்கு முப்பத்தோரு கையெழுத்து தேவைப்பட்டது. ஒன்று குறைந்தாலும் வேலை காலி.

வேலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி நினைத்துக்கொண்டவள் அவன் அம்மா இராஜம்மா ஒருத்திதான். கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப் கேன்டீனில் சமைக்கிறவள் அவள். சோறு வாங்க வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும், "எம் மவன் பேங்க் ஆபீசர்" என்று சொல்லிவிட்டுத்தான் குழம்பே ஊற்றுவாள். உண்மையில் அவன் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டுப் பிரிவுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். கழுத்தில் டை, கையில் பெட்டி, பெட்டி நிறைய விண்ணப்பப் பாரங்கள், கார்டு எடுப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கட்டு நீலப் பைகள். ஆறு மாதத்தில் நூற்றைம்பது பாரம் சேர்த்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஐந்து மாதத்தில் நூற்றுப் பத்தொன்பது சேர்ந்திருந்தது. மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தவறினால் கிள்ளானில் பழைய செருப்புக் கடைக்கே திரும்ப வேண்டியதுதான். முன்பு இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தவன் அவன். ஊர்க்காரர்களின் பாதங்களைப் பார்த்துப் பார்த்து, முகத்தைப் பார்த்துப் பேசுகிற வேலை ஒன்று கிடைக்காதா என்று ஏங்கித்தான் வங்கிக்கு மனுப் போட்டான். இருபத்தாறு வயதில் கழுத்தில் ஏறிய டையைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் குத்துக்காலிட்டு உட்கார யாருக்குத்தான் மனசு வரும்?

யோசித்து யோசித்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியைப் பிடித்தான். கல்லூரி என்றால் கீழே ஒரு டயர் கடை, மேலே இரண்டு மாடி. கணக்கியல் டிப்ளோமா படிக்கும் பிள்ளைகள் முப்பத்தாறு பேர், பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். சம்பளம் இல்லாத மாணவனுக்கு வங்கி நேராகக் கார்டு கொடுக்காது. அப்பாவோ அம்மாவோ தன் பெயரில் ஒரு கார்டு எடுத்து, அதன் கீழ் பிள்ளைக்குத் துணைக் கார்டு வாங்கித் தரலாம். பிள்ளை தேய்க்கும், பெற்றவர் கட்டுவார். ராதாவின் கணக்குப்படி முப்பத்தாறு பிள்ளைக்கு முப்பத்தாறு பாரம்.

கல்லூரி உரிமையாளர் சண்முகரத்தினத்துக்கு, பாரம் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட், கல்லூரிக்கு என்றதும் வாயெல்லாம் பல்.

"ஆனா ஒண்ணு லா. கார்ட பொறுப்பா யூஸ் பண்ண சொல்லிக் குடுத்தோம்னு காட்டணும். நாளைக்குப் பெத்தவங்க வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாது. எங்க கணக்கு லெக்சரர் மிஸ் புனிதவதி ஒரு பத்து நிமிசம் பேசட்டும்."

மிஸ் புனிதவதியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முப்பது வயதைத் தாண்டியிருக்கலாம். சுண்ணாம்புத் தூள் படிந்த கைகள், பருத்திப் புடவை, காதில் சின்னத் தோடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்க ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கெரானியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் ராதாவுக்குப் பிறகுதான் தெரியும். அவள் பாரத்தை வாங்கினாள். எல்லோரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். அவள் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பத்து நிமிஷத்துல முடியாது சார். மூணு கிளாஸ் வேணும். மூணாவது கிளாஸுக்கு அப்பா அம்மா வரணும். கையெழுத்து அதுக்கப்புறம்தான்."

ராதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். வராந்தாவில் அவள் பின்னாலேயே ஓடினான். முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை, செருப்புக் கடை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் நின்று முழுதும் கேட்டாள்.

"மூணு கிளாஸ் முடிஞ்சும் வேணும்னு சொல்றவங்க பாரத்த நானே ஒவ்வொண்ணா செக் பண்ணித் தரேன் மிஸ்டர் ராதா. ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகாது. ஆனா எத்தனை பேர் வேணும்னு சொல்லுவாங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றுகிறவர்களைத்தான் அவனுக்குத் தெரியும், அவனே அந்த வகைதான். இப்படி முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்கிற ஆளிடம் சரி என்று தலையாட்டினான்.

முதல் புதன்கிழமை அவள் ஒரு பூதக்கண்ணாடியோடு வகுப்புக்கு வந்தாள். கடன் பாம்பு, கார்டு பேய் என்று ஏதாவது ஆரம்பிப்பாள், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், தப்பித்தோம் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராதா எதிர்பார்த்தான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. பாரத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதியைப் படிக்க வைத்தாள். படித்தால் மட்டும் போதாது.

"இப்ப அதையே வீட்டுல அம்மாகிட்ட சொல்ற மாதிரி தமிழ்ல சொல்லு."

அங்கேதான் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தவன்கூட அம்மாவிடம் சொல்லச் சொன்னால் தடுமாறினான். ஒருத்தி மூன்று முறை முயன்று, கடைசியில், "அம்மா, நான் செலவு பண்ணிட்டு ஓடிட்டா உங்களத்தான் பிடிப்பாங்களாம்" என்றாள். வகுப்பே சிரித்தது. "சரியாச் சொன்னே, உட்காரு" என்றாள் மிஸ். ஒரு மணி நேரத்தில் முப்பத்தாறு விதியும் தமிழில் வந்துவிட்டன. ஐந்து மாதமாக அந்தப் பாரத்தை ஆயிரம் பேர் கையில் திணித்தவன் ராதா. அதில் பாதி விதிகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான். பயிற்சியின்போது வங்கியில் அவனுக்குச் சொல்லித் தந்ததெல்லாம் பாரத்தைக் கொடுக்கும்போது பேனாவையும் சேர்த்துக் கொடு என்பதுதான்.

வெட்கம்தான். ஆனாலும் அந்தப் பொம்பளையின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது புதன்கிழமை கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினாள். கார்டில் மூவாயிரம் வெள்ளிக்குச் சாமான் வாங்கியிருக்கிறாய். பில் வந்துவிட்டது. உன் கையில் சரியாக மூவாயிரம் வெள்ளி இருக்கிறது, வேறு செலவு எதுவும் இல்லை. எவ்வளவு கட்டுவாய்? துண்டுச் சீட்டில் எழுதிக் கொடு.

விளையாட்டுக் கேள்வி என்றுதான் ராதா நினைத்தான். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். எல்லோரும் முழுசாகக் கட்டுவேன் என்று எழுதுவார்கள், அடுத்து கையில் பணம் இல்லாவிட்டால் என்று கேட்டு வட்டிக் கணக்குக்குப் போகலாம் என்று பலகையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். சீட்டுகளைப் பிரித்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டாயிரத்து எண்ணூறு. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. முப்பத்தாறு சீட்டில் மூவாயிரம் என்று எழுதியது ஐந்தே ஐந்து பேர்.

அவள் முகம் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்து சீட்டுகளை மறுபடி பார்த்தாள். அந்த வங்கியின் விதி ஒன்று இருக்கிறது. பில்லில் ஒரு வெள்ளி பாக்கி வைத்தாலும், அந்த மாதம் வாங்கிய எல்லாவற்றுக்கும் வாங்கிய தேதியிலிருந்து வட்டி ஓடும். போன வாரம் அதே விதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத் தமிழில் சொன்ன பிள்ளைகள்தான் இவர்கள். கையில் காசு இருந்தும் வேண்டுமென்றே நூறு வெள்ளி, ஐம்பது வெள்ளி பாக்கி வைக்கிறார்கள்.

"ஏன்? யாராவது சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

மூன்றாவது வரிசையிலிருந்து லெட்சுமி எழுந்தாள். செமினி பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற பெண்.

"முழுசா கட்டுனா நல்லா இருக்காதுல மிஸ்."

"யாருக்கு நல்லா இருக்காது?"

"கடைக்காரருக்கு. எங்க வீட்டுல சம்பளம் போட்டதும் மளிகைக் கடைக்குப் போயி கட்டுவோம். தொண்ணூறு வெள்ளின்னா எம்பது கட்டுவோம். பத்து நிக்கணும். எல்லாத்தையும் கட்டிட்டா, இனிமே உங்க கடைக்கு வர மாட்டோம்னு சொல்ற மாதிரி மிஸ். தோட்டத்த விட்டுப் போறவங்கதான் கணக்க முடிப்பாங்க."

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. கிள்ளான், செந்தூல், காஜாங் என்று எந்தப் பக்கத்துப் பிள்ளையானாலும் அதே தலையாட்டல். ராதாவும் தன்னையறியாமல் ஆட்டினான். அவன் அம்மாவும் அப்படித்தான். அட்டையில் 555 என்று போட்ட சின்னக் கடன் நோட்டில் செந்தூல் கடைக்காரர் எழுதுவார். அம்மா எண்ணிக் கொடுத்துவிட்டு, "மிச்சம் நிக்கட்டும்ணே" என்பாள். அந்த மிச்சம் நிற்கிறவரை அவள் அந்தக் கடையின் ஆள்.

இந்த இடத்தில் வேறொரு ஆசிரியராக இருந்தால், படித்த பிள்ளைகள் பேசுகிற பேச்சா இது என்று பிடிபிடியென்று பிடித்திருப்பார். அரசாங்கச் சம்பளத்தில், அன்றாடம் ரொக்கம் கொடுத்துக் காய் வாங்கிய வீட்டில் வளர்ந்தவள் புனிதவதி. அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இது தெரியாது பிள்ளையள்" என்றாள், வீட்டுத் தமிழ் வாயில் வந்துவிட்டதைக்கூடக் கவனிக்காமல். "நான் உங்களுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக் குடுக்க வந்தேன். அதுக்கு முன்னால நீங்க எனக்கு இதைச் சொல்லிக் குடுக்கணும். லெட்சுமி, உங்க தோட்டத்துல சம்பளம் எப்போ?"

சம்பளம் அடுத்த சனிக்கிழமை. புனிதவதியின் பழைய டட்சன் காரில் லெட்சுமி முன்னால் வழி சொல்ல, ராதா பின்னால் உட்கார்ந்து போனான். "பெட்டிய வச்சிட்டு வாங்க" என்று மிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பெட்டி இல்லாமல் அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

கடையில் இரண்டு மணி நேரம் ஒரு கவிழ்த்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அவள் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெண்கள் வந்தார்கள், நோட்டு திறந்தது, பணம் எண்ணப்பட்டது, ஐந்தோ பத்தோ நின்றது, நோட்டு மூடியது. போகும்போது ஒருத்திக்கு அரிசி, ஒருத்திக்குக் கருவாடு, புதுக் கணக்கில். கையில் குழந்தையோடு வந்த ஒருத்தி பாதிப் பணம்தான் கட்டினாள். "புருசனுக்கு வேலை குறைச்சலாச்சே, தெரியும், போ" என்று கடைக்காரர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே எழுதிக்கொண்டார். வட்டி என்ற வார்த்தை அங்கே ஒரு தடவைகூட விழவில்லை.

பிறகு ஒரு பெரியவர் வந்து மொத்தமாக நூற்று நான்கு வெள்ளியை எண்ணி வைத்தார். கடைக்காரர் பேனாவை மூடிவிட்டார்.

"எங்க போறீங்க?"

"மவன் சுபாங்ல வீடு எடுத்திருக்கான். வந்துரச் சொல்றான்."

கடைக்காரர் நூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு வெள்ளியைத் திருப்பித் தள்ளினார். பெரியவர் வாங்க மறுத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த நான்கு வெள்ளியை மேசையில் இங்கும் அங்குமாகத் தள்ளினார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. புனிதவதி வெளியே போய் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்புகிற வழியில், லெட்சுமியை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இந்தப் பிள்ளையளுக்குக் கணக்குத் தெரியாதெண்டு நினைச்சிட்டன். எனக்குத்தான் ஒண்டும் தெரியேல்லை."

ராதாவுக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஏதோ தன் சொந்த அக்கா நன்றாகச் செய்துவிட்ட மாதிரி. தெரியாது என்று சொல்வதற்கு வங்கியில் ஒருவருக்கும் வாய் வந்து அவன் பார்த்ததில்லை.

கடைசி வகுப்பு ஆகஸ்டு இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை காலை. கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயில் ஏறிக் கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தவர்கள், கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர்கள், ஷா ஆலாம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்து தூக்கத்தை அடக்கிக்கொண்டிருந்த அம்மாக்கள் என்று வகுப்பு நிரம்பி வழிந்தது. முன்மேசையில் முப்பத்து நான்கு பாரங்கள். பிள்ளைகள் நிரப்பி, பெற்றவர் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்தவை. முப்பத்து நான்கு! ராதா மனசுக்குள் மறுபடியும் மறுபடியும் எண்ணினான். மூன்று கூடுதலாகவே இருந்தது. பெற்றவர்கள் பேனாவைக்கூடக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

புனிதவதி முதலில் பலகையில் கணக்குப் போட்டாள். மூவாயிரம் வெள்ளிக் கடன். மாதம் ஒன்றரை விழுக்காடு வட்டி. வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை, அதாவது கடனில் ஐந்து விழுக்காடு அல்லது ஐம்பது வெள்ளி, எது கூடுதலோ அதை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், புதிதாக ஒரு காசுக்குக்கூட வாங்காமல் இருந்தால், முடிய நாலரை வருடம். கட்டிய மொத்தம் ஏறக்குறைய நாலாயிரம். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவ்வளவுதான். கணக்கு கேட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வருகிற வினையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அது அவளுக்கும் தெரிந்திருந்தது. சாக்பீஸை வைத்துவிட்டுச் செமினி கடையில் பார்த்ததைச் சொன்னாள். அந்த நான்கு வெள்ளியைப் பற்றிச் சொன்னபோது தூங்கிக்கொண்டிருந்த அம்மாக்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"நீங்க பாக்கி வைக்கிறது மரியாதை. அது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். உங்க பாக்கிக்கு எதிர்ல ஒரு மனுசர் இருக்காரு. நீங்க முழுசா கட்டினா அவருக்கு மனசு கஷ்டப்படும். நீங்க கஷ்டப்பட்டா அவரு அரிசி குடுப்பாரு. இப்ப பிள்ளைங்களும் அதே மரியாதைய பேங்குக்குக் குடுக்கப் போறாங்க. பேங்க்ல அதை வாங்கிக்க யாராவது இருக்காங்களா? எனக்குத் தெரியாது, நான் பேங்க்ல வேலை பார்த்ததில்ல. மிஸ்டர் ராதா, நீங்கதான் சொல்லணும். ஒருத்தர் மாசாமாசம் முழுசா கட்டினா, உங்க பேங்க்ல யாராவது கோவிச்சுக்குவாங்களா?"

அறையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ராதாவுக்குச் சாமர்த்தியமாகச் சொல்ல ஆயிரம் இருந்தது, எல்லாம் பயிற்சியில் படித்ததுதான். "உங்கள் வசதிக்காகத்தான்" என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும். முப்பத்து நான்கு பாரம் அவன் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

"இல்ல" என்றான். "கோவிச்சுக்க அங்க ஆளே இல்ல. கம்ப்யூட்டர்தான் இருக்கு."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வேலாயுதம் எழுந்தார். கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவர், பெரிய மீசை.

"சரி தம்பி. நீ அங்கதான வேலை செய்றே. உங்கிட்ட கார்டு இருக்கும்ல? நீ எப்படிக் கட்டுறே?"

அந்தக் கேள்வியைப் புனிதவதி எதிர்பார்க்கவில்லை. "அது அவரோட சொந்த விஷயம்ணே, அவர் சொல்ல வேண்டியதில்ல" என்று குறுக்கே வந்தாள். அவனைக் காப்பாற்ற வந்தாள்! அவன் வேலைக்கு உலை வைக்கிற கேள்வியைக் கேட்ட அதே வாயால். அந்த ஒரு வார்த்தைதான் ராதாவை உலுக்கிவிட்டது. அவள் தடுக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பான்.

"பாக்கி வைக்கிறேண்ணே. செருப்புக் கடையில இருந்தப்பவே கார்டு எடுத்தேன். ரெண்டு வருசத்துல ஒரு மாசம்கூட முழுசா கட்டல. கையில காசு இருந்தப்பவும் கட்டல. கொஞ்சம் நிக்கட்டும்னு விடுவேன். ஒழுங்கா கட்டுற நல்ல கஸ்டமர்னு எம்மேல அவங்களுக்கு ஒரு இது இருக்கும்னு நெனச்சேன். அப்படியே சேந்து இப்ப ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பது நிக்குது. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் எனக்குக் கூப்ட்டு நல்லா இருக்கியான்னு கேக்கல."

பேனாக்கள் ஒவ்வொன்றாகச் சட்டைப் பைக்குள் போயின. சில அப்பாக்கள் மேசைக்கு வந்து தங்கள் பாரத்தைத் தேடி எடுத்து, கிழிக்காமல், மரியாதையாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். வேலாயுதம் மட்டும் தன் மகளை அருகே கூப்பிட்டார்.

"மாசாமாசம் முழுசா கட்டணும். ஒரு மாசம் முடியலன்னா கத்திரிக்கோல். சம்மதமா?"

"சம்மதம்ப்பா."

"குடு தம்பி, எங்க கையெழுத்துப் போடணும்?"

அவரைப் போல இன்னும் எட்டுப் பேர். மொத்தம் ஒன்பது. சண்முகரத்தினம் ஒன்பது ஐந்து எவ்வளவு என்று போட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

எல்லோரும் போன பிறகு, சொன்ன வாக்குப்படி, புனிதவதி அந்த ஒன்பது பாரத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அடையாள அட்டை எண், சம்பளச் சீட்டு, கையெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒரு கிளிப் போட்டுக் கொடுத்தாள். இருவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில் அவள் நின்றாள்.

"உங்க வேலை போறதுக்கு நானும் காரணம் மிஸ்டர் ராதா. அதை மறைச்சுப் பேச எனக்கு வராது."

"தெரியும் மிஸ்."

"செருப்புக் கடையில எவ்வளவு குடுப்பாங்க?"

"எழுநூறு. கேட்டா வரச் சொல்லுவாங்க, மொதலாளி நல்லவரு."

"அதுல இந்தக் கடனுக்கு மாசம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும்? உள்ளதைச் சொல்லுங்க, பெரிசா சொல்ல வேணாம்."

அவன் விரல் விட்டு எண்ணினான். வீட்டுக்கு, ரயிலுக்கு, சாப்பாட்டுக்கு. "நூத்தம்பது."

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்தாள், புடவையில் தூசி ஒட்டுமே என்று பார்க்கவில்லை. ஒரு பழைய கால அட்டவணையின் பின்புறத்தில் பென்சிலால் போட ஆரம்பித்தாள். கடன், அதற்கு அந்த மாத வட்டி, கட்டிய தொகை, மிச்சம். அடுத்த மாதம், மறுபடி. மேலே நின்று எட்டிப் பார்த்தவன் மூன்றாவது மாதத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ஆறாவது மாதத்தில் பென்சிலை அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவன் தப்பாகப் போட்டபோது ஒன்றும் சொல்லாமல் விரலை மட்டும் அந்த இடத்தில் வைத்தாள். கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டாவது வரியில் மிச்சம் என்று எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று.

"புது சாமான் எதுவும் கார்டுல வாங்கக் கூடாது. செப்டம்பர்ல ஆரம்பிச்சா தொண்ணூத்தெட்டு பிப்ரவரி" என்றாள். "அவ்வளவுதான்."

இரண்டு வருடமாகத் தன்னோடு வந்துகொண்டிருந்த கடனுக்கு முடிவு என்று ஒரு மாதம் இருப்பது ராதாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ஒரு மாதிரி கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டான்.

செந்தூல் வீட்டில் மத்தியானச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்த இராஜம்மா, மகன் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை வைத்தாள்.

"என்னப்பா, முப்பத்தொண்ணும் கெடச்சிருச்சா?"

"ஒம்போதுதான்மா. வெள்ளிக்கிழமையோட வேலை முடியுது." சொல்லிவிட்டு நிற்காமல் கடனையும் சொன்னான். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது, இரண்டு வருடம், எல்லாம். அதுவரை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாதவன். பென்சில் கணக்கை எடுத்து மேசையில் விரித்து, மாதம் நூற்றைம்பது என்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னான்.

இராஜம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். பேங்க் ஆபீசர் என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொன்னவள். ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான்.

"இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"பிரிக்பீல்ட்ஸ் காலேஜ் மிஸ்."

"கெட்டிக்காரப் பொம்பள." அவள் எழுந்து போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள், "பதினெட்டு மாசம் ரொம்ப நீளம். நான் மாசம் அம்பது தரேன். இருநூறா கட்டுனா எப்ப முடியும்னு போட்டுச் சொல்லு."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. ராதா தாளைத் தன் பக்கம் இழுத்து மிச்சமிருந்த வெள்ளை இடத்தில், யாரும் விரல் வைத்துக் காட்டாமல், தானே முதல் வரியிலிருந்து போட ஆரம்பித்தான். பதின்மூன்று மாதம் என்று வந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை போட்டான். பதின்மூன்றுதான்.

"அடுத்த வருசம் செப்டம்பர்ம்மா" என்றான். இராஜம்மா தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு அள்ளி வைத்தாள்.